வர்ணம் பூசினால் வண்டி ஓடுமா?

பழைய ரயில் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். அழுக்கைச் சுரண்டுகிறார்கள். ஆசனங்களுக்குப் புதுத் துணி தைக்கிறார்கள். அடியில் வேறு யந்திரத்தைப் பூட்டி, மேலே பளபளவென்று வர்ணம் அடித்து, "இதோ, புது வண்டி!" என்று தண்டவாளத்தில் விடுகிறார்கள். அது புது வண்டியா? அல்லது பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றிய கதையா?

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியை வைத்துப் பத்து வருஷத்துக்கு மேலாக வாக்குவாதம் நடந்து வந்திருக்கிறது. அங்குள்ள ரயில் ரசிகர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். இரு கட்சியும் சளைக்கவில்லை. ஆனால் இரு கட்சியுமே முக்கியமான ஒரு விஷயத்துக்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

"இங்கிலாந்து ரயிலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. காலை ஷிப்டுக்கு ஓடுகிற மனிதன் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், வண்டி வராவிட்டால் அவனுக்குப் போவது அன்றைய கூலிதான்.

யார் இந்த ரசிகர்கள்?

இவர்களைப் பித்தர்கள் என்று கேலி பேசுவோர் உண்டு. நாம் அப்படிப் பேசமாட்டோம். பிளாட்பாரத்தின் கடைசியில் நோட்டும் பென்சிலுமாக நின்று, போகிற வருகிற என்ஜின்களின் எண்களைக் குறித்துக்கொள்வது அந்த நாட்டில் நீண்ட நாள் வழக்கம். 1942-ல் இயன் ஆலன் என்ற ரயில்வே குமாஸ்தா, என்ஜின் எண்களைப் பட்டியல் போட்டு ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அது முதல் ஆயிரக்கணக்கான பையன்கள் அந்தப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிலையங்களில் திரிந்தார்கள்.

வெறும் எண் குறிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வேல்ஸ் நாட்டில், பலகைக்கல் சுரங்கத்துக்காகப் போட்ட டாலிலின் என்ற சிறு ரயில் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தது. 1951-ல் ரசிகர்களே முன்வந்து, கூலி வாங்காமல் உழைத்து அதை ஓட்டிக் காட்டினார்கள். இன்றுவரை அது ஓடுகிறது. கையில் மசி படிய வேலை செய்கிறவனை நாம் எப்படிக் கேலி செய்ய முடியும்?

அவர்களுக்கு யந்திரம் தெரியும். எந்தப் பெட்டி எந்த வருஷம் எந்தத் தொழிற்சாலையில் கட்டப்பட்டது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அவர்களுடைய குறை அறிவில் இல்லை. அவர்கள் கண் எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

லண்டன் கழித்துப் போட்ட வண்டி

லண்டன் நகரத்தின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் 1980 முதல் ஒருவகை மின்சார வண்டிகள் ஓடின. பர்மிங்ஹாமில் மெட்ரோ காம்மெல் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. ஆறு பெட்டிகள் கொண்ட 75 வண்டிகள். உடல் அலுமினியம், ஆகவே இரும்பைப்போல் துருப்பிடித்து உதிராது. 2017 ஏப்ரலில் கடைசி வண்டியும் அந்தப் பாதையிலிருந்து விலக்கப்பட்டது.

இவற்றை வாங்கிப் புதுப்பித்து விற்பது என்று ஏட்ரியன் ஷூட்டர் என்பவர் ஒரு கம்பெனி தொடங்கினார். பெயர் விவாரெயில். ஷூட்டர் முன்பு சில்டர்ன் ரயில்வே கம்பெனியின் தலைவராக இருந்தவர். அவரே பெரிய ரயில் ரசிகர். நம் நாட்டு டார்ஜிலிங் மலைப்பாதையில் ஓடிய, 1889-ல் கட்டப்பட்ட நீராவி என்ஜின் ஒன்றை வாங்கித் தன் வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

200-க்கும் மேற்பட்ட லண்டன் பெட்டிகளை அவர் கம்பெனி வாங்கியது. உடலை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவது திட்டம். மின்சாரக் கம்பியில்லாத பாதையில் ஓடுவதற்காக, ஃபோர்டு வேன்களில் பூட்டுகிற டீசல் என்ஜின்களை அடியில் மாட்டினார்கள். ஒரு என்ஜின் பழுதானால் அதை அப்படியே கழற்றி வேறொன்றைச் சட்டென்று பூட்டிவிடலாம். பின்னால் பேட்டரியில் ஓடும் வண்டிகளும் வந்தன. யோசனை மோசமான யோசனையல்ல. நல்ல உடலை உருக்கிக் கொட்டுவானேன்? மாட்டு வண்டியின் சட்டம் உறுதியாயிருந்தால் சக்கரத்தை மட்டும் மாற்றுகிறவன்தானே கெட்டிக்காரச் சம்சாரி?

இரண்டு கட்சி

திட்டம் வெளிவந்ததும் ரசிகர்களிடையே சூடு பறந்தது.

ஒரு கட்சி சொல்லியது: "லண்டன்காரன் கழித்துப் போட்டதை மற்ற ஊர்க்காரன் தலையில் கட்டுவதா? வடக்கே இருக்கிறவன் மட்டும் மனிதனில்லையா?" இந்தக் கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. 1980-களில் வட இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் "பேஸர்" என்ற வண்டிகளைக் கொடுத்தார்கள். சிக்கனம் என்ற பெயரில் பஸ் உடலை எடுத்து, பெட்டிக்கு நாலே சக்கரமுள்ள அடிச்சட்டத்தின்மேல் தூக்கி வைத்த வண்டி அது. வளைவில் கிறீச்சிடும், நேர்ப்பாதையில் ஆடும். ஜனங்கள் அதற்குத் "தலையாட்டும் கழுதை" என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச காலத்துக்கு என்று வந்த கழுதை, வடக்கே 2020 வரையிலும் வேல்ஸில் 2021 வரையிலும் தலையாட்டிக்கொண்டிருந்தது. பால் சுட்ட பூனை மோரையும் ஊதிக் குடிக்காதா?

பேஸர் வண்டியை ஒழிப்பதற்குக்கூட மேலிடத்தில் எவ்வளவு தயக்கம் தெரியுமா? 2015 பிப்ரவரியில், பணக் கணக்குப்படி இது கட்டாது என்று போக்குவரத்து இலாகாவின் தலைமை அதிகாரியே ஆட்சேபித்தார். மந்திரி பாட்ரிக் மக்லாஃப்லின் அதை மீறி உத்தரவு போட வேண்டியதாயிற்று. அதிகாரியின் பேரேட்டில் பிரயாணியின் முதுகுவலிக்கு ஒரு பத்தி கிடையாது! பிரயாணிகள் வருஷக்கணக்கில் கூச்சலிட்டதால்தான் கழுதைக்கு விடுதலை கிடைத்தது.

மறு கட்சி சொல்லியது: "வயதைப் பார்க்காதே, உடலைப் பார். அலுமினியம் கெட்டியாயிருக்கிறது. ஜன்னல் பெரியது. பேஸர் வேறு, இது வேறு." இவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது.

2016 டிசம்பரில் கெனில்வொர்த் அருகே சோதனை ஓட்டத்தின்போது முதல் வண்டியின் அடியில் தீப்பிடித்தது. எரிபொருள் கசிவு என்று தெரிந்தது. கவென்ட்ரி பாதையில் பிரயாணிகளை ஏற்றி ஓட்டவிருந்த திட்டம் கைவிடப்பட்டது. "பார்த்தீர்களா!" என்றது முதல் கட்சி. "பிழையைத் திருத்தியாயிற்று" என்றது இரண்டாம் கட்சி. சண்டை தொடர்ந்தது. ஆசனத்தின் நிறம் என்ன, என்ஜின் சத்தம் பழைய சத்தம்போல இருக்கிறதா என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

வண்டி நின்றது ஏன்?

2019 ஏப்ரலில் பெட்ஃபோர்டுக்கும் பிளெட்ச்லிக்கும் இடையே மார்ஸ்டன் வேல் பாதையில் இந்த வண்டிகள் பிரயாணிகளை ஏற்றி ஓடத் தொடங்கின. பதினாறரை மைல் பாதை, 12 நிலையங்கள். அது நம்மைப் போன்றவர்களின் பாதை. வழியில் ஸ்டூவர்ட்பி என்ற ஊர். ஒரு காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரிய செங்கல் தொழிற்சாலைகளில் ஒன்று அங்கே இருந்தது. 1950-களில் இத்தாலி நாட்டு ஏழைக் குடியானவர்கள் கப்பலேறி வந்து, அந்தச் சுற்று வட்டாரச் சூளைகளில் வெந்தார்கள். 2008-ல் ஸ்டூவர்ட்பி சூளை மூடப்பட்டது. இப்போது பாதையோரத்தில் பெரிய சரக்குக் கிடங்குகள் நிற்கின்றன. சூளைக்குப் போனவர்களின் பேரன்கள் கிடங்குக்குப் போகிறார்கள்.

இந்தப் பாதையில் மூன்று வண்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டிகள். இடையிடையே பழுது வந்தது, சரி செய்தார்கள், ஓடின.

2022 டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் வண்டிகள் நின்றுவிட்டன.

உடல் உளுத்துப் போயிற்றா? இல்லை. ஃபோர்டு என்ஜின் உடைந்ததா? இல்லை. மீண்டும் தீப்பிடித்ததா? அதுவும் இல்லை. விவாரெயில் கம்பெனிக்குப் பணம் கிடைக்கவில்லை, கம்பெனி திவாலாயிற்று. வண்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தக் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி விழுந்ததும் ஸ்பானர் பிடிக்க ஆளில்லை. ஸ்பானர் பிடிக்க ஆளில்லாத வண்டியைப் பிரயாணிகளை ஏற்றி ஓட்டக்கூடாது. தீர்ந்தது!

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. இங்கே தேர் இருந்தது, வடம் இருந்தது, ஏறுவதற்கு ஜனங்கள் இருந்தார்கள். அச்சாணியைக் கடன்காரன் கொண்டுபோய்விட்டான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தப் பாதையில் பிரயாணிகளை ஏற்றும் ரயில் கிடையாது. ரயிலுக்குப் பதில் பஸ் விட்டார்கள். ரயில் குறுக்கே போகிற இடத்தை பஸ் சுற்றிக்கொண்டு போகும். கிடங்கு வேலைக்காரனுக்கும், பள்ளிப் பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவிக்கும் அன்றாடம் எவ்வளவு நேரம் பாழாகியிருக்கும்! 2023 நவம்பரில்தான் ரயில் திரும்ப வந்தது.

வந்த வண்டி எது? அதில்தான் வேடிக்கை இருக்கிறது. 1980-களில் கட்டிய வேறொரு டீசல் வண்டி! "கிழடு" என்று கேலி செய்யப்பட்ட லண்டன் பெட்டிக்கும் இதற்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. பின் ஏன் இது ஓடிற்று, அது நின்றது? இந்த வகை வண்டியைப் பல ஊர்ப் பட்டறைகளில் பல வருஷமாகத் தொட்டுப் பழகிய தொழிலாளர்கள் இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

தீவில் ஓடியது எப்படி?

இதை இன்னும் தெளிவாகக் காட்ட ஒரு சாட்சி உண்டு. இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் வைட் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே ரைட் துறைமுகத்திலிருந்து ஷாங்க்ளின் ஊர்வரை எட்டரை மைல் ரயில் பாதை. வழியிலுள்ள சுரங்கம் தாழ்வானது. பெரிய வண்டி நுழையாது. ஆகவே 1967 முதல் லண்டன் பாதாள ரயிலின் பழைய பெட்டிகளைத்தான் அங்கே ஓட்டினார்கள். கடைசியாக ஓடியவை 1938-ல் வந்த வகை. 80 வயதுக்கு மேலும் அவை பிரயாணிகளைச் சுமந்தன! கடைசிக் காலத்தில் ஓடக்கூடியவை ஒன்றிரண்டாகச் சுருங்கின. 2021 ஜனவரி 3-ந் தேதி அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். அந்த மரப்பட்டைச் ஜன்னலும் மோட்டாரின் உறுமலும் இனி எங்கே கிடைக்கும் என்று புலம்பினார்கள். ஒரு வண்டி தீவிலுள்ள நீராவி ரயில் சங்கத்திடமே போய்ச் சேர்ந்தது. நல்லது, பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் நாள்தோறும் வேலைக்குப் போகிறவன் 80 வயதுப் பெட்டியில் குலுங்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை.

அங்கே வந்த வண்டியும் விவாரெயில் புதுப்பித்த அதே டிஸ்ட்ரிக்ட் பாதை வண்டிதான். இரண்டு பெட்டிகள் கொண்ட ஐந்து வண்டிகள். வருவதில் தாமதம் ஏற்பட்டது. பத்து மாதம் பாதை மூடிக் கிடந்தது. 2021 நவம்பர் 1-ந் தேதி ஓடத் தொடங்கின. அடுத்த ஆண்டு விவாரெயில் திவாலானது. தீவின் வண்டிகள் நின்றனவா? நிற்கவில்லை! ஏனென்றால் ரைட் நகரில் அந்தப் பாதைக்கென்று சொந்தப் பட்டறை இருந்தது. சொந்த ஃபிட்டர்கள் இருந்தார்கள். பெட்டி ஒன்றே, செய்த கம்பெனி ஒன்றே. பட்டறையைக் கைவசம் வைத்திருந்த இடத்தில் வண்டி ஓடிற்று. பட்டறையைக் கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்ட இடத்தில் வண்டி நின்றது.

இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

மில் தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ஸ்பின்னிங் பிரேமை ஒரு நல்ல ஃபிட்டர் இருபது வருஷம் ஓட்டுவான். ஃபிட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது யந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால், அது இருபது வாரத்தில் கண்ணை மூடும்.

துண்டு போட்டதன் விளைவு

இந்த நிலைமை தானாக வந்ததல்ல. 1993-ல் பார்லிமென்டில் ஒரு சட்டம் செய்து, ஒன்றாயிருந்த ரயில்வேயைத் துண்டு போட்டார்கள். தண்டவாளம் ஒருவனுக்கு, பெட்டி இன்னொருவனுக்கு, ஓட்டுகிறவன் மூன்றாமவன், பழுது பார்க்கிறவன் நான்காமவன். பெட்டிகளெல்லாம் மூன்று வாடகைக் கம்பெனிகளிடம் போயின. அவற்றில் ஒன்றான போர்டர்புரூக் 1996 தொடக்கத்தில் சுமார் 53 கோடி பவுனுக்கு விற்கப்பட்டு, அதே வருஷத்தில் எண்பத்திரண்டரைக் கோடிக்குக் கைமாறியது. சில மாதத்தில் பெட்டிகளில் ஓர் ஆணிகூடக் கூடவில்லை; விலை மட்டும் முப்பது கோடி பவுன் வளர்ந்தது!

இப்படிப் பிரித்துப் போட்ட வீட்டில், ஒரு கண்ணி அறுந்தால் மற்றவன் "என் பொறுப்பல்ல" என்று கையை விரிக்கிறான். அறுந்த கண்ணிக்குப் பக்கத்தில் மழையில் நிற்கிறவன் பிரயாணிதான். இதை அந்த நாடும் உணரத் தொடங்கியிருக்கிறது. வைட் தீவின் வண்டிகளையும் ஓட்டும் சௌத் வெஸ்டர்ன் ரயில்வே 2025 மே மாதத்தில் பொதுவுடைமைக்குத் திரும்பியது.

விவாரெயில் தொழிலாளர்களின் கதி என்ன? அவர்கள் கையில் அருமையான வேலை இருந்தது. பேட்டரி வண்டியைச் சில நிமிஷத்தில் மின்சாரம் ஏற்றும் முறையை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். 2023-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அந்த முறையை வாங்கி, தொழிலாளர்களில் ஒரு சிலரையும் சேர்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அதே லண்டன் பழம்பெட்டி ஒன்று, ஒரு தடவை ஏற்றிய மின்சாரத்தில் 86 மைல் ஓடிற்று. பெட்டி கிழடு என்று சிரித்தவர்களுக்கு இதுவே பதில். கை தேர்ந்த தொழிலாளி நாற்பது வயதுப் பெட்டியையும் ஓட்டுவான். லாபக் கணக்குக்காரன் நல்ல பெட்டியையும் நிறுத்துவான்.

பிரயாணியின் கணக்கு

ரசிகரின் கண் பெட்டியோடு நின்றுவிடுகிறது என்றோமே, அதை இப்போது பாருங்கள். ஷூட்டரின் தோட்டத்தில் ஓடிய டார்ஜிலிங் என்ஜினை எத்தனையோ பேர் படம் பிடித்திருப்பார்கள். மலைமேல் அது ஓடிய நாளில், என்ஜினின்மேல் குந்தி நிலக்கரியைச் சம்மட்டியால் உடைத்த கூலியாளும், சக்கரம் வழுக்காமல் முன்னால் தொங்கிக்கொண்டு மணல் தூவிய ஆளும் அந்தப் படத்தில் இல்லை. என்ஜின் வந்தது, ஆள் வரவில்லை.

பிரயாணியின் கணக்கு வேறு. வைட் தீவில் அவனுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை புது ஆசனமல்ல. பிரேடிங் என்ற நிலையத்தில், இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டுவதற்கான இரட்டைத் தண்டவாளத்தை மீண்டும் போட்டார்கள். அதற்கு முன் வண்டிகள் இருபது நிமிஷத்துக்கு ஒன்று, பிறகு நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று என்று நொண்டிக்கொண்டிருந்தன. இரட்டைத் தண்டவாளம் வந்தபின் அரைமணிக்கு ஒன்று என்று ஒழுங்காக விட முடிந்தது. பெட்டியும் பிளாட்பாரமும் சம உயரத்துக்கு வர வேலை செய்தார்கள். சக்கர நாற்காலிக்காரன் பிறர் தூக்கிவிடாமல் ஏறலாம். படம் பிடிப்பவன் கண்ணுக்கு இவை அழகில்லை. உழைப்பவனுக்கு இவைதான் ரயில்.

இங்கேயும் ஒரு வார்த்தை. ஊனமுற்றவர்கள் ஏற முடியாத வண்டி 2020 தொடக்கம் முதல் ஓடக்கூடாது என்று விதி செய்ததும், பேஸர் வண்டிகளுக்கு முடிவு கட்ட உதவிற்று. அந்த விதி ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஊனமுற்றவர்கள் 1990-களில் லண்டன் தெருக்களில் மறியல் செய்து பெற்ற சட்டத்தின் வழியில் வந்தது.

ஆகவே, நம் ஊர் நிலையத்திலாகட்டும், வேறெங்காவதாகட்டும், புது வர்ணம் பூசிய வண்டி வந்து நிற்கும்போது நாம் மயங்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். பழசு என்பதால் வெறுக்கவேண்டியதில்லை. பளபளப்பு என்பதால் மாலை போடவேண்டியதுமில்லை. நான்கு கேள்வி கேட்டால் போதும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும்? ஷிப்டு நேரத்துக்கு வருமா? டிக்கெட் கூலிக்குக் கட்டுமா? பழுதானால் பார்ப்பது யார், அவன் நாளைக்கும் இருப்பானா?

முதல் மூன்று கேள்விகளைப் பிரயாணிகள் எப்போதும் கேட்டுத்தான் வருகிறார்கள். நான்காவதை யாரும் கேட்பதில்லை. மார்ஸ்டன் வேல் ஜனங்கள் ஒரு வருஷம் பஸ்ஸில் சுற்றியது அந்த ஒரு கேள்விக்குப் பதிலில்லாததால்தான்.

ரயில் ரசிகர்களுக்கும் நாம் ஒன்று சொல்லுவோம். உங்கள் நோட்டில் என்ஜினின் எண்ணைக் குறியுங்கள். கட்டிய வருஷத்தைக் குறியுங்கள். நிறத்தையும் சத்தத்தையும் குறியுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அந்த வண்டிக்கு எந்தப் பட்டறையில் எத்தனை ஃபிட்டர்கள் இருக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். அந்த எண் குறையத் தொடங்கும் நாளில் உரக்கக் கூவுங்கள். யந்திரம் தெரிந்த நீங்கள் கூவினால், வண்டிக்குக் காத்திருக்கும் நாங்களும் கூடச் சேர்ந்து கூவுவோம்.